லாலியை ஏமாற்றியது யார்?

2013 ஜூன் 10, திங்கட்கிழமை இரவு. பிலிப்பைன்சில் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, வீடே தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம். ஜிஎம்ஏ அலைவரிசை அன்று ஒரு புதிய தொடரைத் தொடங்கியது. பெயர் ‘மை ஹஸ்பண்ட்ஸ் லவர்’. கணவன், மனைவி, நடுவில் இன்னொருவர். அந்த ஊர்த் தொடர்களில் எத்தனையோ முறை வந்த கதைதான். இந்த முறை அந்த இன்னொருவர் ஓர் ஆண்.

தலைப்பைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். காதலனா, காதலியா என்று உடனே முடிவு செய்தாக வேண்டும். ‘காதலர்’ என்று மரியாதையாகச் சொன்னால் மட்டும் கொஞ்சம் தப்பிக்கலாம். தகலாக் மொழியில் அந்தச் சிக்கலே கிடையாது. அவன், அவள் இரண்டுக்கும் ‘சியா’ என்ற ஒரே சொல். கணவன், மனைவி இருவருக்கும் ‘அசாவா’ என்ற ஒரே சொல். ஒருவர் தன் பழைய காதலைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினாலும், அது ஆணா பெண்ணா என்று கேட்பவருக்குத் தெரியாமலே போகலாம். மொழி அவ்வளவு இடம் கொடுக்கும் நாட்டில், ஓர் ஆண் இன்னோர் ஆணைக் காதலிப்பதை முதன்மை நேரத் தொடரின் மையக் கதையாக வைக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிலிப்பைன்ஸ் தொலைக்காட்சியில் அப்படி வந்த முதல் தொடர் என்று இன்றுவரை பேசப்படுவது இதுதான்.

கதை எளிமையானது. லாலியும் வின்சென்ட்டும் இளம் வயதில் பழகுகிறார்கள். அவள் கருவுறுகிறாள், கல்யாணம் நடக்கிறது. பிள்ளைகள், வீடு, மாமியார், ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி என்று வாழ்க்கை ஓடுகிறது. வின்சென்ட் நல்ல அப்பா, அன்பாகப் பேசுகிற கணவன். ஆனால் ஏதோ ஒன்று குறைகிறது என்று லாலிக்குத் தெரிகிறது, என்னவென்றுதான் தெரியவில்லை. தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறாள். அப்போது எரிக் திரும்பி வருகிறான். வின்சென்ட்டின் பழைய காதலன் அவன். லாலியாகக் கார்லா அபெல்யானாவும், வின்சென்ட்டாக டாம் ராட்ரிகஸும், எரிக்காக டென்னிஸ் த்ரில்லோவும் நடித்தார்கள். எழுதி உருவாக்கியவர் சுசெட் டாக்டொலெரோ, இயக்கியவர் டாமினிக் சபாட்டா. அக்டோபர் 18 வரை, வாரத்தில் ஐந்து நாள், நான்கு மாதத்துக்கும் மேலாக ஓடியது.

இந்தத் தொடர் என்ன செய்தது என்று புரிய வேண்டுமானால், பிலிப்பைன்ஸ் மக்கள் அதற்கு முன் எதையெல்லாம் பார்த்துப் பழகியிருந்தார்கள் என்று தெரிய வேண்டும். அங்கே ‘கபித்’ என்று ஒரு சொல் உண்டு. நாம் ‘சின்ன வீடு’ என்று சொல்வோமே, அதுதான். கபித் வரும் கதைகளுக்கு அங்கே தனிச் சந்தையே இருக்கிறது. மனைவியும் கபித்தும் நேருக்கு நேர் நிற்பார்கள், வசனத்தால் ஒருவரையொருவர் கிழிப்பார்கள், கன்னத்தில் அறை விழும், நீச்சல் குளத்தில் தள்ளிவிடுவார்கள். பார்ப்பவர் மனைவியின் பக்கம் நிற்பார், கபித்தைத் திட்டுவார். கணவன் பெரும்பாலும் ஓரமாக நின்றுகொண்டிருப்பான். கடைசியில் யாராவது மன்னிப்பார், யாராவது தண்டனை பெறுவார்.

டாக்டொலெரோ இந்த அச்சை அப்படியே எடுத்துக்கொண்டார். மனைவியின் சந்தேகம், ஒளிந்து பேசும் கைபேசி, மாமியாரின் குத்தல், உண்மை உடைகிற அந்த இரவு, எல்லாமே உண்டு. ஆனால் கபித்தின் இடத்தில் எரிக்கை வைத்ததும் அச்சுக்குள் எதுவுமே பழையபடி பொருந்தவில்லை. அவனை வெறுக்கலாம் என்றால், இவளுக்கு முன்பே அவன் அங்கே இருந்தவன். லாலியும் அவனும் நண்பர்களாகவே பழகிவிடுகிறார்கள். வீட்டைக் கலைக்க வந்தவன் என்று சொல்லலாம் என்றால், அந்த வீடு எதன் மேல் கட்டப்பட்டது என்ற கேள்வி வருகிறது. என் கணக்கில் தொடரின் பெரிய சாதனை இதுதான். ஓர் ஆண் இணையின் காதலைக் காட்டியதில் துணிச்சல் இருக்கிறது, சரி. ஆனால் அந்தக் காதலை, பெண்கள் ஆண்டாண்டுகளாக அழுது பார்த்த கதை வடிவத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்து, ‘இங்கே யார் யாரை ஏமாற்றினார்கள், நீயே சொல்’ என்று அவர்களிடமே கேட்டதுதான் அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ‘பக்லா’. இந்தச் சொல்லுக்குத் தமிழில் சரியான ஈடு இல்லை. பெண்மைச் சாயலோடு வாழும் ஆண், திருநங்கை, தன்பாலீர்ப்புள்ள ஆண் என எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுவார்கள். எந்தச் சிற்றூருக்குப் போனாலும் அழகு நிலையம் நடத்துபவர் ஒரு பக்லாவாக இருப்பார். ஊர்த் திருவிழாவில் அவர்களுக்கென்று அழகிப் போட்டி நடக்கும், ஊரே கைதட்டும். திரையில் அவர்கள் இல்லாமல் இருந்ததே இல்லை. நகைச்சுவை மன்னர் டால்ஃபி 1969-லேயே ‘ஃபசிஃபிகா ஃபலாய்ஃபாய்’ படத்தில் அப்படி நடித்து நாட்டையே சிரிக்கவைத்தார். இந்தத் தொடர் வந்த காலத்தில் வைஸ் காண்டா என்ற பக்லா நகைச்சுவைக் கலைஞர் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடத் தாராளமான நாடு ஆசியாவில் உண்டா என்று தோன்றும்.

ஆனால் பக்லாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் சிரிப்பு வரும் இடம். கதாநாயகனின் தோழன், கதாநாயகியின் ஒப்பனைக்காரர், குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டுக் கடைசிவரை தனியாக இருக்கும் மாமா. அவருக்குக் காதல் வந்தால் அது காசு கொடுத்து வாங்கிய காதலாக இருக்கும், கடைசியில் அவன் ஒரு பெண்ணோடு போய்விடுவான். பக்லா மகனை அப்பா தண்ணீர் பீப்பாயில் தலைகீழாக முக்கி ‘ஆம்பளையா, இல்லையா’ என்று கேட்கும் காட்சி அங்கே எல்லாரும் அறிந்த ஒன்று. அதற்கும் சிரித்தவர்கள் உண்டு. அது நிஜமாக நடந்த வீடுகளும் உண்டு.

திரைப்படம் இதைத் தாண்டி முன்பே போயிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். லினோ ப்ரோக்கா 1970களின் தொடக்கத்திலேயே ‘துபோக் ச கிந்தோ’ என்ற படத்தில், மனைவியும் மகனும் உள்ள ஒரு பணக்காரர் தன் தன்பாலீர்ப்பை மறைத்து வாழ்வதைக் கதையாக்கினார். எடி கார்சியா நடித்த அந்தப் பாத்திரத்துக்குத் துயரம்தான் முடிவு. 2005-ல் மாக்சிமோ என்ற சிறுவனைப் பற்றிய படம் உலகத் திரைவிழாக்களைச் சுற்றியது. 2009-ல் வில்மா சந்தோஸ் அம்மாவாக நடித்த ‘இன் மை லைஃப்’ படத்தில் ஓர் ஆண் இணை மையத்தில் இருந்தது. ஆனால் திரைப்படத்துக்குச் சீட்டு எடுத்துப் போக வேண்டும், பிடிக்காதவர் போகாமல் இருந்துவிடலாம். இரவுத் தொடர் அப்படியல்ல. பாட்டியும் பேரனும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பது அது. அதில் வருவது வீட்டுக்குள் வந்துவிட்டதாக அர்த்தம்.

வந்த நேரத்தையும் பாருங்கள். பிலிப்பைன்சில் பத்தில் எட்டுப் பேர் கத்தோலிக்கர். 2012 டிசம்பரில்தான் அதிபர் பெனிக்னோ அக்கினோ கருத்தடை, இனப்பெருக்க நலன் பற்றிய சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். திருச்சபை பல ஆண்டுகள் முழு மூச்சாக எதிர்த்த சட்டம் அது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. குடும்பம் யாருடையது, படுக்கையறை யாருடையது என்று நாடே இரண்டாக நின்று பேசிக்கொண்டிருந்த காலம்.

அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல். ‘அங் லட்லட்’ என்ற கட்சி போட்டியிட்டது. ‘லட்லட்’ என்றால் விரிப்பது. மூடியிருந்த போர்வையை விரித்துக் காட்டுவதுதான் அங்கே ‘நான் இன்னார்’ என்று வெளிப்படுத்திக்கொள்வதற்கான மரபுத் தொடர். தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் போன்ற பால்புதுமையினருக்கான இந்தக் கட்சியைத் தேர்தல் ஆணையம் 2009-ல் ஒழுக்கக் கேடு என்று சொல்லி நிராகரித்தது; விவிலியத்தையும் குர்ஆனையும் மேற்கோள் காட்டி ஆணை எழுதியது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. மத நூலைக் காரணம் காட்டி அரசு அமைப்பு யாருடைய உரிமையையும் மறுக்க முடியாது என்றது. கட்சி களத்துக்கு வந்தது, ஆனால் 2010-லும் 2013-லும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

தேர்தல் முடிந்து சில வாரங்களில், ஜூன் முதல் வாரத்தில், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 39 நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பை வெளியிட்டது. தன்பாலீர்ப்பைச் சமூகம் ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்குப் பிலிப்பைன்சில் 73 விழுக்காட்டினர் ஏற்க வேண்டும் என்றார்கள். இதையும் தேர்தல் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதிர் வீட்டுக்காரரை ஏற்பது வேறு, அவருக்கு ஓட்டுப் போடுவது வேறு, அப்புறம் நம் மகளின் கணவன் அப்படிப்பட்டவன் என்று தெரியவருவது முற்றிலும் வேறு. அந்த மூன்றாவது இடத்தில்தான் தொடர் போய் நின்றது. கணக்கெடுப்பு வெளியாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இனி வீட்டுக்குள் போவோம். வின்சென்ட்டின் அப்பா ஓர் இராணுவத் தளபதி. ராய் வின்சான் நடித்தார். பீப்பாய்த் தண்ணீர்க் காட்சியின் அப்பாவுக்குச் சீருடையும் பதக்கமும் கொடுத்தால் எப்படி இருப்பாரோ அப்படி ஒருவர். அவரைப் பொறுத்தவரை மகன் ஆண்பிள்ளையாக இருக்க வேண்டும் என்பது ஆசை இல்லை, கட்டளை. அம்மா எலெய்ன் பாத்திரத்தில் பாடகி கூ லெடெஸ்மா. மருமகளை எடுத்தெறிந்து பேசும் பணக்கார மாமியார். அந்தப் பக்கம் எரிக்கின் அம்மாவாகச் சாண்டா ரொமேரோ. மகனை அவன் இருப்பதுபோலவே ஏற்றுக்கொண்ட தாய். இரண்டு வீடுகளையும் மாறி மாறிக் காட்டும்போது, ஒரே காதலில் இருக்கும் இரண்டு ஆண்களில் ஒருவன் ஏன் நிமிர்ந்து நடக்கிறான், இன்னொருவன் ஏன் பொய் சொல்கிறான் என்பதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. வளர்ந்த வீடு பதில் சொல்லிவிடுகிறது.

எரிக்காக வந்த டென்னிஸ் த்ரில்லோவுக்கு இது முற்றிலும் புதிய நிலம் இல்லை. 2004-ல், ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய ஒரு படத்தில், பெண்ணாக வாழும் ஓர் இளைஞராக நடித்துப் பெயர் வாங்கியவர். ஆனாலும் 2013-ல் அவர் ஒரு முன்னணிக் காதல் நாயகன். சந்தையில் இருக்கும் ஒரு நாயகன் இன்னொரு நாயகனைப் பார்க்கும் பார்வையில் காதலைக் கொண்டுவருவது நாட்டுக்குப் புதிது. ரசிகர்கள் இருவரின் பெயரையும் சேர்த்து ‘டாம்டென்’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள். கதாநாயகன், கதாநாயகி பெயர்களைச் சேர்த்துக் கூப்பிட்டுக் கொண்டாடுவது பிலிப்பைன்ஸ் ரசிகர்களின் வழக்கம். இரண்டு ஆண்களுக்கு அந்தக் கொண்டாட்டம் கிடைத்தது இப்போதுதான்.

லாலியிடம் வருகிறேன். இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் பலரும் வின்சென்ட், எரிக் பற்றியே பேசிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரிகிறது. தலைப்பிலேயே ‘என்’ கணவர் என்று இருக்கிறது. பேசுபவள் அவள்தான். அவளுடைய வலியைத் தொடர் ஒருபோதும் சிறிதாக்கவில்லை. ‘பாவம் அவன், அவனைப் புரிந்துகொள்’ என்று அவளுக்கு அறிவுரை சொல்லிக் கடந்துபோகவில்லை. இத்தனை ஆண்டுகள் தன்னைத் தொட்ட கை எதை நினைத்துத் தொட்டது என்று ஒரு பெண் யோசிப்பது எவ்வளவு கொடுமை என்பதைப் பல வாரங்கள் எடுத்துக் காட்டினார்கள். அதே நேரம், அந்த வலியை எரிக்கின் மேல் வெறுப்பாக மாற்றும் சுலபமான வழியையும் எடுக்கவில்லை.

சரி, லாலி என்ன செய்யலாம்? பிலிப்பைன்ஸ் சட்டம் அவளுக்கு என்ன வழி வைத்திருக்கிறது? தொடரின் ஆழம் இந்தப் பின்னணி தெரிந்தால்தான் முழுதாகப் பிடிபடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், விவாகரத்து கிடையாது. வத்திக்கானைத் தவிர்த்தால், பெரும்பான்மைக் குடிமக்களுக்கு விவாகரத்துச் சட்டமே இல்லாத ஒரே நாடு பிலிப்பைன்ஸ். முஸ்லிம்களுக்கு மட்டும் 1977-ன் தனிச் சட்டத்தின்படி உண்டு. மற்றவர்கள் ஒன்று சட்டப்படி பிரிந்து வாழலாம், ஆனால் மறுமணம் செய்ய முடியாது. இல்லையென்றால் திருமணமே செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பணம் வேண்டும், ஆண்டுகள் வேண்டும்.

எதையெல்லாம் காட்டித் திருமணத்தை ரத்து செய்யலாம்? அதிபர் கொரசோன் அக்கினோ காலத்தில் 1987-ல் கொண்டுவரப்பட்ட குடும்பச் சட்டத்தின் 45, 46ஆம் பிரிவுகள் பட்டியல் போடுகின்றன. ஏமாற்றி மணம் முடிப்பது ஒரு காரணம். எதுவெல்லாம் ஏமாற்று? 46-ன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது: போதைப் பழக்கம், தீராக் குடி, ஆணின் அல்லது பெண்ணின் தன்பாலீர்ப்பு, இவற்றை மறைத்து மணம் செய்வது. ஒரே வரியில், ஒரே மூச்சில். 55ஆம் பிரிவில் சட்டப்படி பிரிந்து வாழ்வதற்கான காரணங்களிலும் தன்பாலீர்ப்பு இருக்கிறது. அங்கே மறைத்தது என்ற சொல்கூடத் தேவையில்லை, அப்படி இருப்பதே போதும்.

2008-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்துக்கான பிரிவைக் கொஞ்சம் தெளிவாக்கியது. கணவர் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் ரத்து செய்த ஒரு திருமணத்தை அது மீண்டும் செல்லும் என்றது. தன்பாலீர்ப்பு ரத்துக்குக் காரணமாகாது, அதை மறைத்ததுதான் காரணம், மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் தளபதியின் வீட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே வின்சென்ட் எதை, யாரிடம், எப்போது மறைக்காமல் இருந்திருக்க முடியும்? மறைக்கக் கற்றுக்கொடுத்தது வீடு, மறைத்துக்கொண்டு மணமேடையில் நிற்கச் சொன்னது ஊர். மறைத்தவன் மட்டும் ஏமாற்றுக்காரன் என்கிறது சட்டம்.

லாலிக்கும் அந்தச் சட்டம் நல்லதாக இல்லை. உண்மை தெரிந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். இன்னொரு நிபந்தனை இன்னும் கடினம். எல்லாம் தெரிந்த பின்பும் தன் விருப்பத்தோடு அவனுடன் கணவன் மனைவியாகத் தொடர்ந்து வாழ்ந்தால், ரத்து கேட்கும் உரிமையே போய்விடும். பிள்ளைகளுக்காக, அவன்மேல் இன்னும் இருக்கும் பிரியத்துக்காக, ‘இன்னொரு முறை முயன்று பார்ப்போம்’ என்று ஒரு பெண் நினைப்பது இயல்பு. தொடரின் தலைப்புப் பாடலாகக் கூ லெடெஸ்மா பாடியதும் ‘ஒன் மோர் ட்ரை’ என்ற பாடல்தான். ஆனால் அந்த இன்னொரு முயற்சியே அவளுடைய வழக்கைக் கெடுத்துவிடக்கூடும்.

தண்டனைச் சட்டத்திலும் அவளுக்கு இடமில்லை. மனைவி ஒரே ஒரு முறை வேறு ஆணோடு இருந்தாலும் அது பிலிப்பைன்சில் குற்றம். கணவன் விஷயத்தில், ஒரு பெண்ணைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தாலோ, ஊரறிய அவளோடு உறவு வைத்திருந்தாலோ, வேறிடத்தில் அவளோடு குடித்தனம் நடத்தினாலோதான் குற்றம். சட்டத்தில் இருக்கும் சொல் ‘மனைவி அல்லாத பெண்’. கணவனின் காதலர் ஆணாக இருந்தால் அந்தப் பிரிவு அவனைத் தொடவே தொடாது. ஆக, தலைப்பில் உள்ள அந்தக் காதலருக்குத் தண்டனைச் சட்டத்தில் பெயரே இல்லை, குடும்பச் சட்டத்திலோ போதைக்கும் குடிக்கும் பக்கத்தில் ஓர் இடம். இந்தக் கட்டுரைக்காகச் சட்டப் பிரிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான், லாலி ஏன் சுவரில் முட்டி முட்டி நிற்கிறாள் என்று எனக்கு முழுதாகப் புரிந்தது. கதாசிரியர் அவளை அழவைப்பதற்காக நீட்டினார் என்று நினைத்த இடங்கள் பலவற்றில், அவளுக்கு நிஜமாகவே போக வழி இல்லை.

தொடர் ஓடத் தொடங்கியதும் எதிர்ப்பு வந்தது. திருச்சபைத் தரப்பிலிருந்து கவலைக் குரல்கள் எழுந்தன. தொலைக்காட்சிக்குத் தரச்சான்று வழங்கும் அரசு வாரியம் அலைவரிசை நிர்வாகிகளை அழைத்துப் பேசியது. தடை எதுவும் வரவில்லை. கவனமாகக் கையாளுங்கள் என்பதுதான் செய்தி. அதற்குள் ஒவ்வோர் இரவும் ட்விட்டரில் தொடரின் பெயர் மேலே நின்றது. வெளிநாட்டில் இருக்கும் ஏறக்குறைய ஒரு கோடிப் பிலிப்பைன்ஸ் மக்களில் பலரும் ஜிஎம்ஏவின் வெளிநாட்டு அலைவரிசை வழியாகப் பார்த்தார்கள். ஜூலை கடைசியில் போப் பிரான்சிஸ் ரியோவிலிருந்து திரும்பும் விமானத்தில், கடவுளைத் தேடும் ஒரு தன்பாலீர்ப்பாளரைத் தீர்ப்பிட நான் யார் என்று செய்தியாளர்களிடம் கேட்டார். அந்த வாரமும் வின்சென்ட் மணிலாவின் திரைகளில் தன் அப்பாவின் தீர்ப்புக்குப் பயந்துகொண்டிருந்தான். இரண்டையும் யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. ஆனால் ஞாயிறு கோயிலுக்குப் போய்விட்டுத் திங்களிரவு தொடர் பார்க்கும் வீடுகளில் இவை பக்கத்துப் பக்கத்தில் பேசப்பட்டிருக்கும்.

வாரியத்தின் கண் மேலே இருந்ததால் நெருக்கத்தைக் காட்டும் விதம் மிகவும் அடங்கியே இருந்தது. பார்வை, அணைப்பு, கையைப் பிடித்துவிட்டு உடனே விடுவது, கதவு மூடும் முன் ஒரு தயக்கம். அதே அலைவரிசையில் ஆண் பெண் இணைகளுக்கு இருந்த தாராளம் இவர்களுக்கு இல்லை. இது அநியாயம்தான், அப்போதும் பலர் சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நடிகர்கள் இருவரும் செய்ததைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒளித்து வாழ்பவர்களின் உடல்மொழியும் அப்படித்தான் இருக்கும். பொது இடத்தில் ஒரு நொடி நீளும் பார்வைக்குக்கூட அவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

குறைகள் உண்டு, அவற்றில் ஒன்று பெரிது. வின்சென்ட்டும் எரிக்கும் அழகானவர்கள், படித்தவர்கள், வசதியானவர்கள், நடையிலும் குரலிலும் ‘ஆம்பளை’கள். அவர்கள் காதலிக்கும்போது நாடு கண்ணீர்விட்டது. தெருமுனை அழகு நிலையத்தில் வேலை செய்யும் பக்லாவின் காதலுக்கு அந்தக் கண்ணீர் கிடைத்ததில்லை. பெண்மைச் சாயல் இல்லாத தன்பாலீர்ப்பாளன் மட்டுமே மரியாதைக்குரியவன் என்ற ஓர் எண்ணத்தைத் தொடர் தெரிந்தோ தெரியாமலோ வலுப்படுத்தியது. பல பத்தாண்டுகளாகத் திட்டையும் அடியையும் தாங்கிக்கொண்டு வெளிப்படையாக வாழ்ந்து, வழியை உண்டாக்கியவர்கள் அந்தப் பக்லாக்கள்தான். தொடர் முடிந்து ஏறக்குறைய ஓராண்டில், 2014 அக்டோபரில், ஒலோங்கப்போ நகரில் ஜெனிஃபர் லாவ்தே என்ற திருநங்கையை ஓர் அமெரிக்க மரைன் படை வீரர் கொன்றார். அவளுக்காகத் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொடரிலும் நாயகராக வராதவர்கள்.

2015-ல் ஜிஎம்ஏ ‘த ரிச் மேன்ஸ் டாட்டர்’ என்ற தொடரைக் கொண்டுவந்தது. இரண்டு பெண்களின் காதல், சீன வம்சாவளிப் பணக்காரக் குடும்பம் ஒன்றின் பின்னணியில். ரியான் ராமோஸும் கிளைஸா டி காஸ்ட்ரோவும் நடித்தார்கள். முதல் தொடரின் கதவு திறக்காமல் இருந்திருந்தால் இது வந்திருக்காது. அதன்பின் நிஜமான பாய்ச்சல் 2020 ஊரடங்கில் நடந்தது. ஆண்களின் காதலைச் சொல்லும் தாய்லாந்துத் தொடர்களின் அலையில், யூடியூபில் ‘கேம்பாய்ஸ்’ வந்தது. இரண்டு இளைஞர்கள் காணொளி அழைப்பிலேயே காதலிக்கிறார்கள். உலகம் முழுக்கப் பார்த்தார்கள். இந்தப் புதிய தொடர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, இளைஞர்கள் யாரையும் மணந்து பொய்யாக வாழும் கட்டாயத்தில் இல்லை என்பது. லாலி என்ற பாத்திரமே தேவைப்படாத கதைகள் அவை. ஆனால் அவை இணையத்தில், இளையவர்கள் தனித் திரையில் பார்ப்பவை. பாட்டியோடு சேர்ந்து பார்த்த அந்த இரவுகள் அங்கே திரும்பவில்லை.

சட்டம் என்ன ஆனது? 2015-ல் ஓர் இளம் வழக்கறிஞர், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்ற விதியோடு சேர்த்து, அந்த 46, 55ஆம் பிரிவுகளின் சொற்களையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2019-ல் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. அவர் மண உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர் இல்லை, எனவே உண்மையான வழக்கு எதுவும் இங்கில்லை என்பது காரணம். தன்பாலீர்ப்பாளர், திருநங்கையர் போன்றோர் மீதான பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா 2000 முதல் நாடாளுமன்றத்தில் சுற்றுகிறது. 2017 செப்டம்பரில் கீழவை 198-க்குப் பூஜ்யம் என்று ஒருமனதாக நிறைவேற்றியது, மேலவையில் நின்றுபோனது. விவாகரத்து மசோதாவும் 2018-லும் 2024-லும் கீழவையைத் தாண்டியது, மேலவையைத் தாண்டவில்லை.

நகரங்கள் தங்களால் முடிந்ததைச் செய்கின்றன. ஜிஎம்ஏவின் தலைமையகம் இருக்கும் கேசோன் நகரத்தில் 2023 ஜூனில் ஓர் அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். திருமணம் செய்துகொள்ள முடியாத இணைகளுக்கானது. ஒருவர் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தால், அவருக்காக மற்றவர் முடிவெடுக்கலாம், கையெழுத்துப் போடலாம். அதுவரை அந்தக் கையெழுத்து, பேச்சுவார்த்தையே இல்லாத அப்பாவுடையதாகக்கூட இருக்கலாம். அந்த அட்டையை வாங்கிக்கொண்டு நகர மண்டபத்தை விட்டு வெளியே வரும் இணைகளில் சிலருக்கு, வின்சென்ட்டையும் எரிக்கையும் வீட்டில் பார்த்தபோது பதின்மூன்று, பதினான்கு வயது இருந்திருக்கும்.